டர்பனில் ஒரு சொந்தக்காரர்

கேள்வி: எனக்கு 57 வயது. தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் அப்பாவின் அப்பா 1926இல், 18 வயதில், கங்காணியோடு கப்பலேறி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். ‘ஆற்காட்டுப் பக்கம்’ என்பதைத் தவிர ஊர் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. மெல்பர்னில் இருக்கும் என் மகள், குடும்ப வரலாற்றைத் தேடலாம் என்று இரண்டு மரபணுச் சோதனைப் பெட்டிகளை வாங்கி வந்தாள். இருவரும் எச்சில் எடுத்து அனுப்பினோம். முடிவில் ஊரும் இல்லை, பேரும் இல்லை. ‘தென்னிந்தியா 93 விழுக்காடு’ என்று மட்டும் இருக்கிறது. ஆனால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும், நாங்கள் கேள்வியே பட்டிராத ஒருவர் எனக்கு இரண்டுவிட்ட சகோதரர் முறை என்று வந்திருக்கிறது. எங்கள் இருவருக்கும் 212 சென்டிமார்கன் பொருந்துகிறதாம். அவருக்கும் ஐம்பது வயதுக்கு மேல். ‘உங்க தாத்தாவுக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருந்திருக்கும்’ என்கிறார் என் கொழுந்தனார். இன்னொரு கவலையும் உண்டு. என் அப்பா தன் அக்காள் மகளையே கட்டியவர். அதனால் எனக்கோ என் மகளுக்கோ ஏதாவது கோளாறு வருமோ? (என் கணவர் அந்நியம், சொந்தமில்லை.) தூக்கமே இல்லை. பேசாமல் அந்தக் கணக்கை அழித்துவிடலாமா? எங்கள் வீட்டில் மூத்தவர் என்று அப்பாவின் தங்கை ஒருவர்தான், 83 வயதில், இருக்கிறார்.
— ச. கு., ஈப்போ

பதில்: அம்மா, கணக்கை அழிக்க வேண்டாம். தாத்தாவைச் சந்தேகப்படவும் வேண்டாம். ஊர் தெரியாமல் தேடுகிற மலேசியத் தமிழர் பலருக்குக் கிடைக்காத ஒரு பிடி உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதற்கு வருமுன் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் இரண்டு விஷயங்களையும் முடித்துவிடுவோம்.

தாத்தாவின் ‘இன்னொரு குடும்பம்’ பற்றிய விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 1926இல் 18 வயது என்றால் அவர் 1908 வாக்கில் பிறந்தவர். டர்பன் அன்று நேட்டால் என்ற பிரிட்டிஷ் குடியேற்றத்தில் இருந்தது. அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் ‘ட்ரூரோ’, சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16இல் டர்பனை அடைந்தது. 1911இல் அந்த ஏற்றுமதி நின்றது. 1913இல் வந்த குடிவரவுச் சட்டம், புதிதாக வரும் இந்தியர்களுக்குக் கிட்டத்தட்ட முழுதாகவே கதவைச் சாத்தியது. கடைசிக் கப்பல் போனபோது உங்கள் தாத்தாவுக்கு மூன்று வயது. அந்தக் காலத்து வயதெல்லாம் குத்துமதிப்புதான். ஐந்தாறு வருடம் கூட்டிக் குறைத்தாலும் அவர் டர்பனில் போய்க் குடும்பம் நடத்தியிருக்க வழியில்லை. இதைச் சொல்ல எச்சில் சோதனை தேவைப்படவில்லை, பாருங்கள்.

அப்படியானால் போனது யார்? அவர் வீட்டைச் சேர்ந்த இன்னொருவராக இருக்கக்கூடும். மூத்த அண்ணனாக இருக்கலாம். அப்பாவோடு பிறந்த சித்தப்பா, பெரியப்பாவாக இருக்கலாம். அத்தையாகவும் இருக்கலாம், ஏனென்றால் நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது கப்பலேற வேண்டும் என்று விதி இருந்தது. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு ஊர்களிலிருந்து போனவர்கள் அதில் நிறைய. ஒரே வீட்டில் ஒருவர் நேட்டாலுக்கும், அடுத்த தலைமுறையில் ஒருவர் மலாயாவுக்கும் போவது அந்த ஊர்களில் அதிசயமே இல்லை.

அடுத்தது உறவுத் திருமணம். பெற்றோர் நெருங்கிய சொந்தமாக இருக்கும்போது, ஒரே முன்னோரிடம் மறைந்திருந்த ஒரு குறைபாடு அப்பா வழியாகவும் அம்மா வழியாகவும் இரண்டு முறை வந்து குழந்தையிடம் சேரும் வாய்ப்பு கூடுகிறது. மருத்துவர்கள் எச்சரிப்பது அதற்காகத்தான். அப்படிப்பட்ட கோளாறுகள் பெரும்பாலும் சிறு வயதிலேயே தலைகாட்டிவிடும். 57 வயதில் நீங்கள் வகுப்பில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கணவர் அந்நியம் என்பதால் இந்த இரட்டிப்பு உங்கள் மகளிடம் போகவே இல்லை. அது உங்களோடு நின்றுவிட்டது. வீட்டில் இன்ன நோய் பரம்பரையாக உண்டு என்று தெரிந்திருந்தால் மட்டும் மரபணு ஆலோசகரிடம் காட்டுங்கள். குடும்பம் தேடுவதற்காக விற்கிற பெட்டியை மருத்துவப் பரிசோதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் அதே உறவுத் திருமணம் வேறொரு வேலை செய்திருக்கிறது. உங்களைப் பயமுறுத்திய அந்த 212ஐ ஊதிப் பெரிதாக்கியது அதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

சென்டிமார்கன் (இருவரிடம் ஒன்றுபோல் இருக்கும் மரபணுத் துண்டுகளின் நீளத்தைச் சொல்லும் அளவு) என்பது உறவின் பெயர் அல்ல, வெறும் அளவு. தாய்க்கும் மகளுக்கும் இடையே அது 3,400, 3,500 என்று இருக்கும். உடன்பிறந்தவர்களுக்கு 2,600 வாக்கில். அமெரிக்க மரபுவழி ஆய்வாளர் பிளெய்ன் பெட்டிங்கர் ஆயிரக்கணக்கான குடும்பங்களிடம் திரட்டிய அளவுகளில், ஒன்றுவிட்ட சகோதரர்களுக்குச் சராசரி 866. ஆனால் 400க்கும் 1,400க்கும் நடுவே எங்கும் நிற்கலாம். இரண்டுவிட்டவர்களுக்குச் சராசரி 229, மூன்றுவிட்டவர்களுக்கு 73. மூன்றுவிட்டவர்களில் பத்தில் ஒரு ஜோடிக்குப் பொருத்தமே தெரியாமலும் போகும். அதற்காகச் சொந்தம் இல்லை என்று ஆகாது. நிறுவனம் உங்கள் 212ஐ 229க்குப் பக்கத்தில் கண்டது, ‘இரண்டுவிட்டவர்’ என்று பெயர் ஒட்டியது. அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பெயரை ஒட்டிய கணினிக்கு, உங்கள் அம்மாவும் அப்பாவும் ஒருவருக்கொருவர் யார் என்று தெரியாது.

உங்களுக்குத் தெரியும். உங்கள் அம்மாவைப் பெற்றவர் உங்கள் அப்பாவின் அக்காள். ஆகவே மலாயாவுக்கு வந்த அந்தப் பெரியவர் அப்பா வழியில் உங்களுக்குத் தாத்தா, அம்மா வழியில் கொள்ளுத் தாத்தா. பேரப்பிள்ளைக்குத் தாத்தாவிடமிருந்து சராசரியாக நாலில் ஒரு பங்கு வரும். உங்களுக்கு அதற்கு மேல், அம்மா வழியாக எட்டில் ஒரு பங்கும் வந்திருக்கிறது. மொத்தம் எட்டில் மூன்று. மற்றப் பேரப்பிள்ளைகளைவிட ஒன்றரை மடங்கு. தாத்தா வீட்டுச் சொந்தம் யாரோடு உங்களை ஒப்பிட்டாலும் எண் ஏறக்குறைய அதே அளவுக்கு ஏறித்தான் காட்டும். 212ஐ ஒன்றரையால் வகுத்தால் 140 சொச்சம். அது இரண்டுவிட்டவரின் அளவு அல்ல. அவருக்கும் ஒரு தலைமுறை கீழே இருப்பவரின் அளவு (சராசரி 122) அதற்கு நெருக்கம். டர்பன்காரர் வீட்டிலும் மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டியிருந்தால் உண்மையான உறவு இன்னும் தள்ளிப் போகும். உங்கள் சோதனைப் பக்கத்தில் பொருந்திய துண்டுகள் எத்தனை, அதில் மிக நீளமானது எவ்வளவு என்றும் இருக்கும். குட்டிக் குட்டியாக நிறைய இருந்தால் பல தலைமுறைச் சொந்தத் திருமணத்தின் சேர்மானம் என்றும், நீளமாகச் சில இருந்தால் அண்மைய உறவு என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

‘தென்னிந்தியா 93’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிறுவனம் தன்னிடம் இருக்கும் மாதிரிகளோடு (இன்ன வட்டாரத்தவர் என்று முன்பே தெரிந்த ஆட்களின் மரபணுத் தொகுப்பு) உங்களுடையதை ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பீடு அது. மாதிரிகளைப் புதுப்பித்தால் அடுத்த ஆண்டே எண் மாறும். அதில் ஆற்காட்டைத் தேடாதீர்கள், கிடைக்காது. மிச்சம் ஏழு விழுக்காட்டுக்குக் கதை கட்டவும் வேண்டாம்.

சோதனையில் வேறு இரண்டு வகை உண்டு. மகள் கேட்டால் சொல்வதற்காகச் சுருக்கமாக எழுதுகிறேன். ஒய் குரோமோசோம் (ஆண்களிடம் மட்டும் இருந்து அப்பனிடமிருந்து மகனுக்குப் போவது) பங்காளி வழியை அப்படியே பிடித்துக்கொண்டு போகும். அது உங்களிடம் இல்லை. உங்கள் அண்ணன் தம்பி அல்லது பெரியப்பா மகன் யாராவது கொடுத்தால்தான் உண்டு. மைட்டோகாண்டிரியா (தாயிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்கு வரும் மரபணு) தாய் வழியைச் சொல்லும். உங்கள் வீட்டில் இது வேடிக்கையாக அமைந்திருக்கிறது: உங்கள் அம்மாவின் அம்மாவும் உங்கள் அப்பாவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆகவே உங்கள் தாய் வழியைச் சோதித்தாலே அப்பாவைப் பெற்ற பாட்டியின் வழியும் வந்துவிடும். ஆனால் இவை இரண்டும் பழங்காலத்து ஆசாமிகள். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் அமெரிக்கரான ஸ்பென்சர் வெல்ஸும் மதுரைக்கு அருகே ஒரு கிராமத்தில் எம்130 என்ற அடையாளத்தைக் கண்டு, ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக மனிதர் நடந்துவந்த ஆதிப் பாதையின் தடம் என்று விளக்கியது உங்கள் நினைவில் இருக்கலாம். பல்லாயிரம் ஆண்டுக் கதை அது. 1926இல் கப்பலேறியவரின் ஊரை அதனால் சொல்ல முடியாது. இப்போதைக்கு அதில் பணம் போட வேண்டாம்.

உங்கள் தாத்தாவின் ஊரை எந்த மரபணுவும் சொல்லாது. ஊர் பெயர் தாளில்தான் இருக்கும். அந்தத் தாள் யார் வீட்டில் இருக்கிறதோ அந்த ஆளைத்தான் சோதனை காட்டிக் கொடுத்திருக்கிறது. நான் முதலில் சொன்ன பிடி இதுதான். கங்காணி வழியாக மலாயாவுக்கு வந்தவர்களுக்குத் தனித்தனியாக முழு விவரம் எழுதிய ஏடு கிடைப்பது அரிது. நேட்டாலில் அப்படி அல்ல. கப்பலில் வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் கொடுத்தார்கள்; பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் வரை பதிவேட்டில் எழுதினார்கள். அந்தக் கப்பல் பட்டியல்கள் குவாசுலு-நேட்டால் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன, கணினியிலும் ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களில் பலர் அந்த எண்ணைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு இந்தியக் குடிமகன் (ஓ.சி.ஐ.) அட்டைக்கு விண்ணப்பிக்க அது உதவுகிறது. டர்பன்காரரின் கொள்ளுத் தாத்தா எண்ணுக்கு நேரே எழுதியிருக்கும் கிராமம், உங்கள் தாத்தாவின் கிராமமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஆனால் அவருக்கு எழுதுமுன் அத்தையைச் சோதித்துக்கொள்வது நல்லது. தாத்தாவின் பிள்ளைகளில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தானே. தாத்தாவின் பங்கு அவரிடம் சரிபாதி இருக்கிறது; உங்களிடம் உள்ளதுபோல் இரட்டித்து வந்த கலப்பும் இல்லை. அத்தைக்கும் டர்பன்காரருக்கும் பொருத்தமே வராவிட்டால் அவர் உங்கள் அம்மாவின் அப்பா வழிச் சொந்தம். தேட வேண்டிய பக்கமே வேறு. 200க்குப் பக்கமாக வந்தால் தாத்தாவோடு பிறந்தவரின் கொள்ளுப்பேரனாக இருக்கலாம். 100ஐ ஒட்டி வந்தால் இன்னும் ஒரு தலைமுறை மேலே போய், சித்தப்பா பெரியப்பா வரிசையில் பார்க்க வேண்டும். கொழுந்தனார் சொல்வதுபோல் தாத்தாவின் நேர்ப் பேரனாக இருந்தால் 800ஐ ஒட்டியும், கொள்ளுப்பேரனாக இருந்தால் 400ஐ ஒட்டியும் வர வேண்டும். எல்லாம் சராசரிதான், கொஞ்சம் முன்னே பின்னே ஆடும். ஆனாலும் உங்கள் எண்ணைவிட அத்தையின் எண்ணை நம்பலாம்.

அவரிடம் விஷயத்தை மறைத்து எச்சில் வாங்காதீர்கள். அப்பாவின் ஊரைத் தேடுகிறோம், எதிர்பாராத சொந்தம் ஏதாவது வெளியே வரலாம், உங்களுக்குச் சம்மதமா என்று தமிழில் விளக்கிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சம்மதித்தால், கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுக்கும் வகைப் பெட்டியை வாங்குங்கள். அந்த வயதில் வாய் உலர்ந்திருக்கும். குழாயில் கோடு வரை எச்சில் நிரப்புவதற்குள் பாவம், களைத்துவிடுவார். வெற்றிலை போடுகிறவர் என்றால் வாயை நன்றாகக் கொப்பளித்து, அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து எடுங்கள். இல்லாவிட்டால் மாதிரி வீணாகி மறுபடி கேட்பார்கள். டர்பன்காரர் இருக்கும் அதே நிறுவனத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள், ஒரு நிறுவனத்தின் பட்டியல் இன்னொன்றில் தெரியாது.

அத்தையிடம் எச்சிலைவிடப் பேச்சை அதிகமாக வாங்குங்கள். குலதெய்வம் எது என்று கேளுங்கள். ஊர் பெயர் மறந்த வீடுகளில்கூடச் சாமி பெயர் தங்கியிருக்கும். பச்சையம்மன், மன்னார்சாமி என்று ஒரு சாமி பெயரும் பக்கத்தில் ஓர் ஏரியோ மலையோ இருந்ததாக ஒரு நினைவும் கிடைத்தால், அது பின்னால் பெரிய உதவி. கங்காணி பெரும்பாலும் தன் ஊரையும் அக்கம்பக்கத்து ஊர்களையும் சுற்றித்தான் ஆள் சேர்ப்பார். எனவே அந்தக் கங்காணியின் பெயர் என்ன, லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் யார், அவர்கள் எந்த ஊர் என்றும் விசாரியுங்கள். தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமைத் தாள், ஊரிலிருந்து வந்த கடித உறை எதையும் விடாதீர்கள். உறையின் அஞ்சல் முத்திரையில் அஞ்சலகத்தின் பெயர் பாதி அழிந்து இருந்தாலும் போதும்.

‘ஆற்காடு’ என்றால் வேலூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றை மட்டும் நினைத்துவிடாதீர்கள். அன்றைய வட ஆற்காடு, தென் ஆற்காடு இரண்டு ஜில்லாக்களும் சேர்ந்தால் இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் எல்லாம் அடங்கும். சித்தூர்கூட 1911 வரை வட ஆற்காட்டில்தான் இருந்தது. ஆக, ஊர் இன்று ஆந்திரத்திலும் இருக்கக்கூடும். பாட்டி வீட்டில் தெலுங்கு பேசினாரா என்று அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

டர்பன்காரருக்கு ஆங்கிலத்தில் ஐந்தாறு வரி போதும். தாத்தாவின் பெயர், அவருடைய அப்பா பெயர் தெரிந்தால் அதுவும், ஆற்காடு, 1926. அவர் முன்னோர் வந்த கப்பலும் எண்ணும் தெரியுமா என்ற கேள்வி. கொழுந்தனாரின் ஊகத்தை எழுதாதீர்கள். டர்பன்காரரின் குடும்பப் பெயர் முனுசாமி, வீராசாமி என்பதுபோல் இருந்தால் அது பெரும்பாலும் கப்பலேறியவரின் சொந்தப் பெயர். நம்மிடம் தலைப்பெழுத்தாக நிற்கும் அப்பா பெயர் அங்கே பரம்பரைப் பெயராகிவிட்டது. பதிவேட்டில் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். கிராமத்தின் பெயரைப் படிக்கும்போது வாய்விட்டுச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், எழுத்தில் பிடிபடாத ஊர் காதில் பிடிபடும். அவர் உடனே பதில் போடாவிட்டால் மனம் உடைய வேண்டாம். பலர் சோதனை செய்துவிட்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் அந்தப் பக்கத்தைத் திறக்கிறார்கள்.

கணக்கைப் பற்றிய உங்கள் அச்சம் அர்த்தமற்றதல்ல. இத்துறையின் பெரிய நிறுவனங்களில் ஒன்றான ட்வென்டித்ரீ அண்ட் மீயில் 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடு போயின. வேறு தளங்களில் களவுபோன கடவுச்சொற்களையே இங்கேயும் வைத்திருந்தவர்களின் கணக்குகள் வழியாகத் திருடர்கள் உள்ளே புகுந்தார்கள். 2025இல் அந்த நிறுவனம் நொடித்து, கை மாறியது. அமெரிக்கக் காவல்துறை ஜெட்மேட்ச் என்ற பொதுத் தொகுப்பின் வழியாக ஒரு பழைய தொடர் கொலையாளியை 2018இல் பிடித்ததும் உண்மை. ஆகவே வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல் வையுங்கள். கைப்பேசிக்கு எண் வரும் இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். ஆய்வுக்குப் பயன்படுத்தச் சம்மதமா என்ற கட்டத்தில் விருப்பமில்லாவிட்டால் ‘இல்லை’ என்று குறியுங்கள். மீதி எச்சிலை அழித்துவிடச் சொல்லி எழுதலாம். டர்பன்காரரோடு பேசி முடித்தபின் கணக்கையே மூட விரும்பினால் மூடுங்கள். இப்போது மூடினால் அவருக்கும் நீங்கள் மறைந்துவிடுவீர்கள்.

அத்தையின் முடிவு வர ஒன்றிரண்டு மாதம் ஆகும். வந்ததும் அவருடைய எண், உங்கள் எண், உங்கள் மகளின் எண் மூன்றையும், ஒவ்வொருவருக்கும் மிக நீளமான துண்டு எவ்வளவு என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம்.